மொண்ணைக் கத்தி வச்சிருக்கிற வீட்டு ஆம்பளைங்க கவனத்துக்கு

தலைப்பைப் பார்த்து டென்ஷனாகி வீட்டுக்கு ஆட்டோ அனுப்புறதா இருந்தா, முழுசாப் படிச்சுட்டு அனுப்புங்க. பென்னலூர்லதான் இருக்கேன், பெங்களூர் ஹைவேஸை ஒட்டியே. ஆட்டோ வர்றது ரொம்ப சுலபம் :-)

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். ஒரு வீட்டு அடுப்படியில கத்தி மொண்ணையா இருந்தா அதுக்குக் கத்தியைக் குறை சொல்லாதீங்க. அதை வச்சு தினமும் நறுக்குறவங்க ஒருத்தர், அந்த வீட்டுல இரும்பு, இயந்திரம், கருவின்னு "தெரிஞ்சவர்" இன்னொருத்தர். தெரிஞ்சவர் அடுப்படிக்குள்ள வர்றதே தண்ணி குடிக்க மட்டும்தான். கத்தி மொண்ணையாகுறது அந்த இடைவெளியிலதான்.

எங்க ஏரியா கதையைக் கேளுங்க. பென்னலூருக்கு ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட், இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், அப்படியே தெக்கால போனா ஒரகடம். 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து, காருக்கு உதிரிபாகம் பண்ற சின்னதும் பெருசுமான யூனிட்டுங்க வந்துக்கிட்டே இருக்கு. இங்க வாடகைக்குக் குடியிருக்கிற வீடுகள்ல கதவைத் தட்டினா சிஎன்சி ஆபரேட்டர், பிரஸ் ஷாப், டூல் ரூம், குவாலிட்டின்னு யாராச்சும் ஒருத்தர் ஷிப்ட் முடிஞ்சு தூங்கிட்டு இருப்பார். நானும் அந்த ஜாதிதான். டூல் ரூம்.

ஷாப் ஃப்ளோர்ல வெட்டுற கருவியை எப்படி வச்சிருக்கோம்? இன்செர்ட் ஒண்ணுக்கு இத்தனை பீஸ்னு கணக்கு எழுதி மெஷின் மேலயே ஒட்டியிருக்கும். கணக்கு வந்தா, பார்க்க நல்லாயிருந்தாலும் மாத்தியே ஆகணும். நடுவுல லோடு மீட்டர் ஏறினா, சத்தம் மாறினா, ஃபினிஷ் சொரசொரன்னு வந்தா, மெஷினை நிறுத்திட்டு முதல்ல பார்க்கிறது டூலைத்தான். "மழுங்கிப்போன டூலை வச்சு இன்னும் கொஞ்சம் அழுத்தி ஓட்டுப்பா"ன்னு எந்த சூப்பர்வைசரும் சொல்ல மாட்டார். சொன்னா அவருக்கு வேலை போயிடும்.

இப்ப அதே ஆள் வீட்டுக்கு வர்றார். அடுப்படியில அவர் சம்சாரம் பரங்கிக்காய் மேல கத்தியை வச்சு, அது மேல உள்ளங்கையை வச்சு, உடம்பு பாரத்தையே போட்டு அழுத்துறாங்க. இதுதான் லோடு மீட்டர் ஏறுறது. டக்கு டக்குன்னு சத்தம் வருது. தக்காளி நறுக்கினா தோல் கிழிஞ்சு விதையெல்லாம் பலகையில கொழகொழன்னு கெடக்கு. இது ஃபினிஷ் கெட்டுப்போறது. நம்மாளு என்ன சொல்றார்? "இன்னும் ஆகலையா? மணி என்னாச்சு பாரு!" கம்பெனியில வேலை லேட்டானா டூலைப் பார்க்கிற மனுஷன், வீட்டுல வேலை லேட்டானா ஆளைப் பார்க்கிறார். என்ன நியாயம் சாமி இது?

இதை எங்க லைன்ல டீ பிரேக்ல சொன்னப்ப ஒரு நண்பர் 'ஙே'ன்னு முழிச்சார். அப்புறம் வரிசையா பதில் வந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்துக்கிறேன்.

பதில் 1: "கத்தி கூரா இருந்தா கையை வெட்டிக்குவாங்க."

பெரியவங்கள்லேர்ந்து எல்லாரும் சொல்றது. பாசமாச் சொல்றதாலயே இதை எதிர்த்துப் பேசறது கஷ்டம். ஆனா கை எப்ப வெட்டுப்படுதுன்னு யோசிங்க. கத்தி நாம நினைச்ச இடத்துல போகாம வழுக்கினாத்தான். நல்லாத் தீட்டின விளிம்பு ஒண்ணு ரெண்டு மைக்ரான் கனத்துக்குள்ள இருக்கும். அவ்வளவு மெல்லிசான விளிம்புல லேசா அழுத்தினாலே அழுத்தம் எக்கச்சக்கம். காய்க்குள்ள இறங்கிடும். விளிம்பு மழுங்கி உருண்டையாயிட்டா இறங்காது. நாம பலத்தைக் கூட்டுறோம். பலத்தைக் கூட்டினப்புறம் பரங்கித் தோல்லயோ சேனைக்கிழங்கு முண்டுலயோ வழுக்கினா, அத்தனை பலத்தோடயும் அது போய் நிக்கிற இடம் இடது கை விரல். விரலை அறுக்கிற அளவுக்குக் கூர் எந்த மொண்ணைக் கத்தியிலயும் பாக்கி இருக்கும். அதுவும் நேரா வெட்டாது, பிச்சுப் பிச்சு வெட்டும்.

நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும். வருஷக்கணக்கா மொண்ணைக் கத்தியில பழகின கைக்கு, புதுசாத் தீட்டின கத்தி முதல் ஒரு வாரம் ஆபத்துதான். அழுத்திப் பழகின கை அழுத்தத்தானே செய்யும்? தீட்டினதும் நறுக்குறவங்க கிட்ட வாயைத் திறந்து சொல்லணும். சொல்லாம தீட்டி வைக்கிறது தப்பு.

பதில் 2: "வெங்காயம் நறுக்கினா கண்ணு எரியத்தான் செய்யும், அதுக்குக் கத்தி என்ன பண்ணும்?"

நிறையப் பண்ணும். வெங்காயத்தோட அறைகள் நசுங்கும்போதுதான் உள்ள தனித்தனியா இருக்கிற சங்கதிகள் கலந்து, கண்ணை எரிக்கிற அந்த வாயு உண்டாகுது. கூர்க்கத்தி அறுக்கும், மொண்ணைக் கத்தி நசுக்கும். 2025-ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரங்க வெங்காயம் வெட்டுறதை அதிவேக கேமராவுல படம் பிடிச்சே பார்த்துட்டாங்க. மொண்ணை அலகு வெங்காயத்தை முதல்ல அமுக்கி வளைக்குது. தோல் கிழியிற நேரத்துல உள்ள சேர்ந்திருந்த அழுத்தத்துல சாறு பீச்சாங்குழல் மாதிரி துளித்துளியாச் சிதறுது. கூரான அலகுல, நிதானமா வெட்டினா துளிகள் குறைவு. ஆக, நம்ம வீட்டுல தினமும் யாரோ அழுதுகிட்டு இருக்கறதுல பாதிக்காவது நாமதான் பொறுப்பு. (டிவி சீரியல் கணக்குல வராது.)

பதில் 3: "சரிப்பா, புதுசு ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு."

இந்தப் பதில்தான் எனக்கு இருக்கறதிலேயே எரிச்சல். கத்தி மொண்ணையா இருக்குன்னா புதுக்கத்தி. அது ஆறு மாசத்துல மொண்ணையானா ஆன்லைன்ல 'டமாஸ்கஸ்' கத்தி. அலை அலையா கோடு போட்டு, ஜப்பான் எழுத்தெல்லாம் பொறிச்சு, மரப்பெட்டியில வருது. அந்தப் பேருக்குப் பின்னால இருக்கிற கதை தெரியுமா? பழைய காலத்து டமாஸ்கஸ் வாள்களோட உருக்கு தென்னிந்தியாவுலேர்ந்தும் இலங்கையிலேர்ந்தும் போனது. மண் மூசையில உருக்கி எடுத்தது. ஐரோப்பாக்காரன் அதை 'ஊட்ஸ்'னு எழுதி வச்சான். கன்னடத்துல உக்கு, தமிழ்ல உருக்கு. இன்னிக்கு அந்தப் பேர்ல விக்கிறதுல பெரும்பாலானது வேற வேற இரும்புத் தகடுகளை அடுக்கி அடிச்சு எடுத்தது. மட்டமானதுல கோடு வெறும் லேசர் பிரிண்ட். நம்ம ஊர் உருக்குன்னு மீசையை முறுக்கிக்கிட்டு, வீட்டுல மொண்ணைக் கத்தி வச்சிருந்தா அந்தப் பெருமை எதுக்கு உதவும்?

எந்தக் கத்தியும் மழுங்கும். தீட்டத் தெரியாத வீட்டுல விலை உயர்ந்த கத்தி, கொஞ்சம் தாமதமா மழுங்குற கத்தி. அம்புட்டுதான்.

பதில் 4: "சாப்பர் இருக்கே!"

கயித்தை இழுத்தா உள்ள பிளேடு சுத்துற டப்பா. ரெண்டு பச்சை மிளகாய்க்கு டப்பாவை எடுத்து, மூடி, இழுத்து, கழட்டி, மூணு பாகத்தைக் கழுவி... அவ்வ்வ்வ். சட்னிக்கு ஓகே. முருங்கைக்காய், வாழைப்பூ, புடலங்காய், கீரையை என்ன பண்ணுவீங்க? அந்த டப்பாவோட பிளேடும் மழுங்கத்தான் போகுது, அதையும் யாரும் தீட்டப் போறதில்லை.

பதில் 5: "எங்க பாட்டி அரிவாள்மனையில..."

இதுக்குக் கொஞ்சம் மரியாதையா பதில் சொல்லணும். அரிவாள்மனை அருமையான கருவி, அதுல சந்தேகமே இல்லை. அலகு அசையாம நிக்கும், காயைப் பிடிக்க ரெண்டு கையும் கிடைக்கும், முனையில தேங்காய் துருவி இலவச இணைப்பு. ஆனா அதைப் பாடிப் புகழ்றவங்க யாரு? பெரும்பாலும் அது முன்னால ஒரு காலை மடக்கி ஒக்காந்து அஞ்சு கிலோ கத்திரிக்காய் அரியாதவங்க. மேடை வச்ச அடுப்படி வந்ததும் பெண்கள் எழுந்து நின்னாங்க. முட்டி வலி இருக்கிறவங்களைப் போய்த் திரும்ப ஒக்காருன்னு சொல்ல நாம யாரு?

பாட்டி கிட்ட கத்துக்க வேண்டியது வேற. பழைய இரும்பு அரிவாள்மனை சீக்கிரம் கூராகும், சீக்கிரம் துருவும் பிடிக்கும். வாழைப்பூ, வாழைக்காய் அரிஞ்சா கறுக்கும், ஏன்னா அதுல இருக்கிற துவர்ப்பு இரும்போட சேர்ந்து மை மாதிரி ஆயிடும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துப் பழைய காலத்துல மை பண்ணினதும் இதே ரசாயனம்தான். அதனால அரிஞ்ச உடனே கழுவி, துணியில துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைப்பாங்க. அம்மிக் கல்லோ, துவைக்கிற கல்லோ, எதுலயாச்சும் நாலு இழுப்பு இழுத்துட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாங்க. எங்க ஊர்ப் பக்கம் இதைப் பார்க்காத வீடே இல்லை. எவர்சில்வர் வந்ததும் துருவோட சேர்த்து அந்தப் பழக்கத்தையும் நாம துடைச்சுப் போட்டுட்டோம்.

எவர்சில்வர்னதும் ஒரு குட்டிக்கதை. 1913-ல இங்கிலாந்து ஷெஃபீல்டுல ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடிச்சு, கத்தி செய்யலாம்னு கொண்டு போனப்ப, அந்த ஊர் கத்திக்காரங்க "வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்ச மனுஷன்"னு கேலி பண்ணினாங்களாம். அப்புறம் அதைச் சரியா சூடு பண்ணிப் பதம் கொடுக்கக் கத்துக்கிட்டு உலகம் பூரா வித்தாங்க. ஆனா நம்ம வீட்டு நிலவரத்தைப் பார்த்தா அந்தக் கேலி நூறு வருஷம் கழிச்சும் உண்மையாத்தான் இருக்கு :-(

சரி, திட்டினது போதும். உருப்படியா நாலு விஷயம்.

வாங்குறது: வீட்டுக்கு ரெண்டு கத்தி போதும். அலகு ஆறு முதல் எட்டு அங்குலம் ஒண்ணு, மூணு நாலு அங்குலம் ஒண்ணு. பன்னெண்டு கத்தி செட்டு ஷோகேஸுக்கு. ரம்பப்பல் வச்ச கத்தி ரொட்டிக்கு மட்டும், அதைக் கல்லுல தீட்ட முடியாது. கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் எடுத்துட்டுப் போங்க. நம்ம வீட்டுப் பாத்திரம் பண்ற 304 ரக எஃகைச் சூடு பண்ணிக் கடினப்படுத்த முடியாது, காந்தமும் அதுல ஒழுங்கா ஒட்டாது. கத்தியில காந்தம் ஒட்டலேன்னா வாங்காதீங்க. ஒட்டிட்டா மட்டும் நல்ல கத்தின்னும் அர்த்தம் இல்லை, முதல் ரவுண்டுல பாஸ், அவ்வளவுதான். கடினத்தை ராக்வெல் கணக்குல போட்டிருந்தா 55-லேர்ந்து 58 நம்ம சமையலுக்குத் தோது. ஜப்பான் கத்தி 60-க்கு மேல இருக்கும், கூர் ரொம்ப நாள் நிக்கும். ஆனா தேங்காய் ஓட்டுலயோ ஆட்டு எலும்புலயோ பட்டா விளிம்பு பொக்குன்னு உதிரும். அலகு இரும்பு பிடிக்குள்ள கடைசி வரைக்கும் ஓடுதான்னு பாருங்க. எதுக்கும் மேல, நறுக்கப் போறவங்க கையில கொடுத்துப் பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. சட்டை வாங்கினா போட்டுப் பார்க்கிறோமே!

வெட்டுற இடம்: கிரானைட் மேடை, கண்ணாடிப் பலகை, எவர்சில்வர் தட்டு.. இந்த மூணும் கத்திக்கு எமன். கிரானைட் கத்தி எஃகைவிடக் கடினமானது. அதுமேல நறுக்குறது, வெட்டும்போதே மழுக்குறதுக்குச் சமம். மரப்பலகை நல்லது. மரத்துல கிருமி தங்கும்னு பயப்படுறவங்களுக்கு: 1990-கள்ல டீன் கிளைவர்ங்கிற அமெரிக்க நுண்ணுயிரியல்காரர் சோதிச்சுப் பார்த்ததுல, பிளாஸ்டிக் பலகையைவிட மரம் மோசமில்லைன்னுதான் வந்துச்சு. கழுவிச் சாய்ச்சு வச்சுக் காய விடுங்க. கறிக்கும் காய்க்கும் தனித்தனிப் பலகை, அது முக்கியம்.

கழுவுறது, வைக்கிறது: கத்தியை சிங்க்ல பாத்திரத்தோட போட்டுட்டுப் போகாதீங்க. அடியில கெடக்கிறது தெரியாம கை விடறவங்களுக்குத்தான் வெட்டு. எலுமிச்சை, புளி, உப்பு பட்ட கத்தியை அப்படியே விட்டா எவர்சில்வர்லயும் புள்ளி புள்ளியா அரிக்கும். கரண்டி டப்பாவுல குத்தி வச்சா விளிம்பு இடிபடும். ஒரு அட்டையை மடிச்சு உறை பண்ணிக்கிட்டாலே போதும். நறுக்கினதைப் பலகையிலேர்ந்து வழிக்கும்போது கூர்ப்பக்கத்தை வச்சு வழிக்காதீங்க, முதுகுப்பக்கம் எதுக்கு இருக்கு?

தீட்டுறது: ஹார்டுவேர் கடையில ரெண்டு பக்கக் கல் கிடைக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழவழப்பு. அதுக்கு 'கார்போரண்டம்'னு பேர். 1890-கள்ல அமெரிக்காவுல எட்வர்டு அச்சிசன்ங்கிறவர் செஞ்ச சிலிக்கன் கார்பைடுக்கு அவர் வச்ச பேரு. கார்பனோட 'கொரண்டம்' சேர்த்தது. அந்தக் கொரண்டம் எங்கேர்ந்து வந்துச்சு? நம்ம குருந்தக் கல்லுதான். ஆங்கில அகராதியிலயே தமிழ்ச் சொல்னு போட்டிருப்பான். குருந்தப் பொடியை அரக்குல குழைச்சுத்தான் இங்க பழைய சாணைச் சக்கரம் பண்ணினாங்க. 1954-ல ஆரம்பிச்ச கார்போரண்டம் யுனிவர்சலோட ஆலை திருவொற்றியூர்ல இருக்கு. தீட்டுற கல்லுக்கு உலகத்துக்கே பேர் கொடுத்த ஊர்க்காரன் வீட்டுல கத்தி மொண்ணை!

கல்லைத் தண்ணியில நனைச்சு, ஈரத்துணி மேல வைங்க, நகராது. கோணம்? ஒரு தாளோட மூலை 90 டிகிரி. அதைப் பாதியா மடிச்சா 45, இன்னொரு தடவை மடிச்சா 22 சொச்சம். அந்த முக்கோணத்தைக் கல் மேல வச்சு கத்தியை அதே சாய்வுல பிடிங்க. ஒரு பக்கம் இழுங்க, எதிர்ப்பக்க விளிம்புல மெல்லிசா பிசிறு தட்டுப்படும் வரைக்கும். அதான், நாம தினமும் ஃபைல் போட்டு எடுக்கிற பர். விரலை விளிம்போட நீளவாக்குல ஓட்டாதீங்க, குறுக்கால தொட்டுப் பாருங்க. அப்புறம் மறுபக்கம். பிறகு வழவழப்புப் பக்கத்துல மெதுவா மாத்தி மாத்தி. தக்காளித் தோல் மேல வெறுமனே வச்சு இழுத்தா இறங்கணும். மொத்தம் பத்து நிமிஷம், மாசத்துக்கு ஒரு தடவை. நடுவுல அவசரத்துக்குப் பீங்கான் கப்போட அடி விளிம்பு, அந்தப் பூச்சு இல்லாத சொரசொர வளையம் போதும்.

கல்லெல்லாம் நமக்கு ஆகாதுன்னா, தெருவுல சைக்கிள்ல சாணைச் சக்கரம் கட்டிக்கிட்டு ஒருத்தர் வருவார். இங்க இப்ப எப்பவாச்சும்தான் குரல் கேக்குது. அவரைக் கூப்பிடுங்க, பேரம் பேசாதீங்க. பக்கத்துல நின்னு "அண்ணே, அழுத்தாம, அப்பப்ப தண்ணியில முக்கிக்கோங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. விளிம்பு நீலமா மாறினா பதம் போச்சுன்னு நமக்குத் தெரியுமே, டூல் ரூம்ல அதுக்காகத்தானே கூலன்ட் ஊத்துறோம்.

கடைசியா ஒரு கணக்கு. மத்திய அரசோட 2024-ம் வருஷ நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, வீட்டு வேலை செய்யிறவங்கள்ல பெண்கள் அதுக்காகச் செலவழிக்கிறது ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88. அஞ்சு மணி நேரத்துக்குப் பக்கத்துல. எங்க பக்கம் அந்தப் பெண்கள்ல எத்தனையோ பேர் செல்போன் கம்பெனியிலயும் வயரிங் லைன்லயும் எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து இதைச் செய்யிறாங்க. கம்பெனி வேலைக்கு டூல் கணக்கு உண்டு, கையுறை உண்டு, ஆடிட் உண்டு. இந்த 289 நிமிஷத்துக்குக் கல்யாணச் சீர்ல வந்த கத்தி.

"அப்ப ஆம்பளை கத்தியைத் தீட்டிக் கொடுத்தா சரியாயிடுமா"ன்னு பெண் பதிவர்கள் கேக்கப் போறாங்க, தெரியும். சரியாகாது. தீட்டின கத்தியை எடுத்து நீங்களே வெங்காயம் நறுக்கினாத்தான் அடுத்த தடவை எப்ப தீட்டணும்னு உங்க கைக்கே தெரியும். டூல் லைஃப் கணக்கை ஆபரேட்டர்தான் எழுத முடியும், ஆபீஸ்ல ஒக்காந்திருக்கிறவர் எழுத முடியாது. இது ஷாப் ஃப்ளோர் சட்டம், அடுப்படிக்கும் பொருந்தும்.

இந்த ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்குப் போற வழியில ஒரு கல் வாங்கிட்டு வாங்க. மிச்சத்தைப் பின்னூட்டத்துல சண்டை போட்டுக்கலாம்.

டிஸ்கி: கத்தியை அன்பளிப்பா கொடுத்தா உறவு அறுந்துடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கல்லைக் கொடுத்தா அறுந்துடும்னு யாரும் சொல்லலை. அடுத்த கல்யாணத்துக்கு நான் மொய்யோட அதைத்தான் வைக்கப் போறேன் :-)